நாரைக்கு எபிரேயத்தில் ஏன் 'ஹசிதா' என்று பெயர்?

கேள்வி: 'ஹசிதா' அன்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அப்படியானால் உண்ணக்கூடாத பறவைகளின் பட்டியலில் அது எப்படி வந்தது?

அன்பிலிருந்து வந்தது என்பது சரிதான். சர்ச்சில் 136-ஆம் சங்கீதத்தைப் பாஸ்டர் ஒரு வரி வாசிக்க, சபையார் நாம் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பதில் சொல்வோமே, 26 வசனத்திலும் விடாமல் வரும் அந்தக் கிருபைக்கு மூலத்தில் 'ஹெசெத்' என்று பெயர். ஹெசெத் உள்ளவன் ஹசித், அதாவது பக்திமான். அதன் பெண்பால் வடிவம்தான் ஹசிதா.

இனி உங்கள் சந்தேகம். லேவியராகமம் 11:19 இதை விலக்கப்பட்ட பறவைகளோடு சேர்க்கிறது. யூத மறைஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதில் ராவ் யெகூதா என்ற அறிஞர், தன் கூட்டாளிகளுக்கு அன்பு செய்வதால் இந்தப் பெயர் என்கிறார். இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி அதை இரையைப் பகிர்வதாக விளக்குகிறார். இன்னொரு உரையாசிரியரான ரம்பானோ அந்தப் பட்டியலே பிற உயிரை வேட்டையாடித் தின்னும் பறவைகளைப் பற்றியது என்பார், நாரையும் தவளை, எலி, பாம்பு என்று பிடித்துத் தின்கிற பறவைதானே. ஹசிதிய யூதர்களிடம், அதாவது யூதத்துக்குள் எழுந்த ஒரு பக்தி இயக்கத்தாரிடம், வேறொரு பதில் உண்டு: அது தன் இனத்துக்கு மட்டுமே அன்பு காட்டுகிறது, அதனால்தான் அசுத்தம் என்று.

பிரசங்கத்துக்கு அருமையான விளக்கம். ஆனால் அந்தச் சொல்லின் ஆழம் வேறு இடத்தில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ரூத் 1:8-இல், புருஷன் செத்த பிறகும் கூடவே வந்த மருமகள்களைப் பார்த்து நகோமி, மரித்தவர்களுக்கும் எனக்கும் தயை செய்தீர்களே என்கிறாள். அந்தத் தயையும் ஹெசெத்தான். இரக்கப்படுவது மட்டும் இல்லை, விட்டுப் போகாமல் இருப்பது.

அப்புறம் அந்தப் பறவையைப் பாருங்கள். செங்கால் நாரை குளிர்காலத்துக்கு ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா போகும். நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றில் ஏறி மிதந்துதான் அவ்வளவு தூரம் கடக்கிறது, கடலுக்கு மேல் அந்தக் காற்று எழாததால் சுற்றிக்கொண்டு இஸ்ரேல் வழியாக லட்சக்கணக்கில் பறந்து போகும், வசந்தத்தில் அதே வழியில் திரும்பி வரும். வந்து உட்காருவது பெரும்பாலும் போன வருடத்துக் கூட்டிலேயே. ஜோடி வந்து சேர்ந்ததும் கழுத்தைப் பின்னுக்கு முதுகு வரை வளைத்து, அலகை டகடகவென்று தட்டும். குரலெழுப்பிக் கூவுவது அபூர்வம், பேச்சு முழுக்க அந்தத் தட்டலில்தான். எரேமியா 8:7 சொல்வதும் இதைத்தான்: ஆகாயத்து நாரைக்குத் தன் வேளை தெரிகிறது, என் ஜனத்துக்குத் தெரியவில்லையே என்று. அன்பும் திரும்பி வருவதும் ஒரே பெயருக்குள் இருப்பதை வைத்துத்தான் அந்த வசனத்தின் வலி எனக்குப் புரிந்தது.

தமிழ் வேதாகமத்தில் தேடுவதானால் 'நாரை' மட்டும் போட்டால் போதாது. சங்கீதம் 104:17-இல் தேவதாரு மரத்தில் குடியிருக்கும் 'கொக்கு'ம் எபிரேயத்தில் ஹசிதாதான்.