எக்ஸ்பியில் ஓடும் பழைய ஸ்காடாவை விண்டோஸ் 11க்கு மாற்றலாமா?

கேள்வி: எங்கள் ஆலையில் பாய்லர் பகுதியைக் கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருள், பல வருடங்களாக ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. விபி 6ல் (விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழி) யாரோ எழுதிக் கொடுத்தது. சோர்ஸ் கோடு இல்லை, ஓடும் கோப்பான எக்ஸ்இ மட்டும்தான் இருக்கிறது. சீரியல் போர்ட் வழியாக, மாட்பஸ் என்ற தொடர்பு முறையில், நான்கு பிஎல்சிகளோடு (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினிகள்) பேசுகிறது. லைசென்ஸைச் சரிபார்க்கும் சிறு கருவியான டாங்கிள் பேரலல் போர்ட்டில் இருக்கிறது. அறிக்கைக் கணினிக்கு ஓபிசி என்ற தரவுப் பரிமாற்ற முறை மூலம் தரவு போகிறது. அடுத்த ஷட்டவுனில், ஒரே நாளில், விண்டோஸ் 11க்கு மாற்றச் சொல்கிறார்கள். முடியுமா?

பதில்: மாற்றி வைப்பதை ஒரே நாளில் முடிக்கலாம். ஆனால் அதற்கு முன் சில வாரங்களாவது புதிய கணினியை மேசையில் வைத்துச் சோதித்திருக்க வேண்டும். ஷட்டவுன் அன்றுதான் முதல்முறையாக இன்ஸ்டால் செய்து பார்ப்பது என்றால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பாய்லர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விபி 6 மென்பொருள் ஓடத் தேவையான ரன்டைம் விண்டோஸ் 11லும் இருக்கிறது. அதனால் உங்கள் எக்ஸ்இ அநேகமாகத் திறந்துவிடும். திரை வந்துவிட்டதே, வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அடி வாங்குவது எக்ஸ்இயைச் சுற்றி இருப்பவை: டிரைவர், டாங்கிள், ஓபிசி, கோப்பு சேமிக்கும் இடம், சீரியல் போர்ட்டின் நேரக்கணக்கு. உங்கள் திட்டத்தில் பெரும்பகுதி நேரத்தை இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் பழைய டிஸ்கின் முழு இமேஜ் (அச்சு அசலான நகல்) ஒன்று கையில் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடிய கணினியை அணைத்தால், திரும்ப எழுந்திருக்கும் என்று உறுதியில்லை. டிஸ்க், பவர் சப்ளை, சிமாஸ் பேட்டரி, எதுவும் அந்த நேரத்தில் கைவிடலாம். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே இமேஜ் எடுக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். டிஸ்க் வேகம் குறையும் என்பதால் பாய்லர் சுமை குறைவான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எடுத்த இமேஜை வேறொரு டிஸ்கில் ஏற்றி பூட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏற்றிப் பார்க்காத இமேஜை நம்பி எதுவும் செய்யக்கூடாது.

அடுத்ததாக, கட்டுப்பாடு உண்மையில் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள். லாஜிக் முழுவதும் பிஎல்சியில் இருந்து, கணினி வெறும் காட்சிக்கு என்றால் உங்கள் ஆபத்து பாதியாகக் குறையும். ஆனால் பழைய அமைப்புகளில் செட் பாயின்ட் (எட்ட வேண்டிய இலக்கு அளவு) கணக்கு, பம்புகளை முறை மாற்றி ஓட்டுவது போன்ற சில வேலைகள் யாருக்கும் தெரியாமல் கணினிக்குள் உட்கார்ந்திருக்கும். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு பிட்டைக் கணினி மாற்றிக்கொண்டே இருப்பதும், அது நின்றால் பிஎல்சி டிரிப் செய்வதும் (பாதுகாப்புக்காக இயக்கத்தை நிறுத்திவிடுவதும்) உண்டு. பிஎல்சி புரோகிராமைத் திறந்து, வெளியிலிருந்து எழுதப்படும் ரெஜிஸ்டர்கள் (மதிப்புகள் இருக்கும் நினைவிடங்கள்) எவை என்று பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் கேபிளைக் கழற்றக்கூடாது.

இனி மேசைச் சோதனை. விண்டோஸ் 11, 64 பிட் மட்டும்தான். பழைய செட்அப் கோப்பு 16 பிட்டாக இருந்தால், உள்ளே இருக்கும் மென்பொருள் 32 பிட்டாக இருந்தாலும் இன்ஸ்டாலேஷன் பெரும்பாலும் தொடங்கவே தொடங்காது. அப்போது கோப்புகளைக் கையால் நகலெடுத்து, ஓசிஎக்ஸ் கோப்புகளை (மென்பொருள் பயன்படுத்தும் துணைப் பகுதிகள்) விண்டோஸில் பதிவு செய்ய வேண்டிவரும். அதை விண்டோஸின் பதிவுக் கருவியான ரெக்சர்வரின் 32 பிட் பதிப்பைக் கொண்டு செய்யுங்கள். ஆக்சஸ் தரவுத்தளம் இருந்தால், அதோடு இணைக்கும் ஓடிபிசி அமைப்பையும் 32 பிட் பக்கத்தில் வைக்க வேண்டும்.

டாங்கிளைப் பொறுத்தவரை, யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிளை வாங்கி நேரத்தை வீணாக்காதீர்கள். அவை பிரின்டருக்காகச் செய்யப்பட்டவை. டாங்கிள் எதிர்பார்க்கும் நேரடிப் போர்ட் அவற்றில் கிடைக்காது. 32 பிட் டிரைவரும் 64 பிட் விண்டோஸில் ஏறாது. லைசென்ஸ் கொடுத்தவரிடம் யூஎஸ்பி டாங்கிளோ மென்பொருள் லைசென்ஸோ கேளுங்கள். இந்த ஒன்றே மாதக்கணக்கில் இழுக்கலாம் என்பதால் இன்றே ஆரம்பியுங்கள்.

சீரியல் போர்ட்டில் வரும் கோளாறு கண்ணுக்கே தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாட்பஸின் சீரியல் வடிவமான மாட்பஸ் ஆர்டியூவில் ஒரு செய்தி முடிந்தது என்பதற்கு அடையாளம் மூன்றரை எழுத்து நேர மௌனம். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அது சுமார் 4 மில்லிசெகண்ட். நீங்கள் வாங்கும் யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் இருந்தால், வந்த எழுத்துகளை அது 16 மில்லிசெகண்ட் வரை தேக்கி வைத்து மொத்தமாக அனுப்பும். இயல்பான அமைப்பே அதுதான். அந்த நேரத்தில் சுமார் 14 எழுத்துகள்தான் வந்திருக்கும். 40 ரெஜிஸ்டர்களைக் கேட்டால் பதில் 85 எழுத்துகள். ஆக, பதில் துண்டு துண்டாக வந்து சேரும். மௌனத்தை வைத்துச் செய்தியை வெட்டும் மென்பொருளாக இருந்தால், முதல் துண்டிலேயே பதில் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். சிறிய கேள்விகளுக்குப் பதில் சரியாக வரும், பெரிய கேள்விகளுக்கு மட்டும் அவ்வப்போது தவறும். லைன் கேபிளையும் எர்த்திங்கையும் சந்தேகித்துக்கொண்டே நாட்கள் போய்விடும். அந்தத் தேக்க நேரத்துக்கு லேட்டன்சி டைமர் என்று பெயர்; டிவைஸ் மேனேஜரில் அதை 1 மில்லிசெகண்டுக்குக் குறைக்கலாம். என் பரிந்துரை, யூஎஸ்பியை விட்டுவிட்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு போடுவது. யூஎஸ்பியில் வேறு தொல்லைகளும் உண்டு. மின்சேமிப்புக்காக விண்டோஸ் அதைத் தூங்க வைக்கலாம். வேறு சாக்கெட்டில் செருகினால் காம் எண் (சீரியல் போர்ட்டின் எண்) மாறிவிடலாம். பழைய மென்பொருள்கள் பலவற்றுக்கு காம் 9க்கு மேல் திறக்கத் தெரியாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது கோப்பு சேமிக்கும் இடம். எக்ஸ்பி காலத்தில் எல்லோரும் அட்மினாகவே வேலை செய்தார்கள், மென்பொருளும் தன் செட்டிங் கோப்பைப் புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளேயே எழுதிக்கொண்டது. விஸ்டாவிலிருந்து சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதியில்லை. பழைய 32 பிட் மென்பொருள் தடுமாறக்கூடாது என்று விண்டோஸ் ஒரு உதவி செய்கிறது: பிழை எதுவும் காட்டாமல், அந்தக் கோப்பை அந்தப் பயனரின் சொந்த வர்ச்சுவல் ஸ்டோர் ஃபோல்டரில் எழுதிவிடும். இப்போது காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் தன் லாகினில் டிரம் லெவல் (பாய்லர் டிரம்மின் நீர்மட்டம்) அலாரம் எல்லையை மாற்றிச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் தன் லாகினில் திறக்கிறார். அவருக்குத் தெரிவது பழைய எல்லை. இரண்டு பேரும் சொல்வது உண்மை, இரண்டு பேரிடமும் தனித்தனிக் கோப்பு. மென்பொருளைப் புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே தனி ஃபோல்டரில் வைத்து, அந்த ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள். பிறகு இரண்டு லாகினில் மாற்றி மாற்றிச் சேமித்துப் பாருங்கள்.

ஓபிசி: பழைய ஓபிசி, கணினிகளில் உள்ள மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச மைக்ரோசாஃப்ட் செய்த டிகாம் என்ற முறையின் மீது நிற்கிறது. அதன் பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் 2021 முதல் படிப்படியாக இறுக்கி, 2023 மார்ச்சில் பழைய தளர்வுக்குத் திரும்பும் வழியையும் மூடிவிட்டது. ஆகவே எக்ஸ்பியும் விண்டோஸ் 11ம் நெட்வொர்க் வழியாக டிகாமில் பேசிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓபிசி சர்வர் இருக்கும் அதே கணினியிலேயே, டிகாம் தேவைப்படாத புதிய வடிவமான ஓபிசி யூஏவாக மாற்றித் தரும் இணைப்பு மென்பொருளைப் போட்டு, அறிக்கைக் கணினிக்கு யூஏவில் அனுப்புங்கள். டிகாமை நெட்வொர்க்கில் விடாமல் இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது.

எந்த விண்டோஸ்? சாதாரண புரோ பதிப்பு வேண்டாம். கட்டுப்பாட்டு அறைக்கு நீண்டகால ஆதரவு உள்ள ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி பதிப்புதான் பொருந்தும். விண்டோஸ் 11ல் 2024 எல்டிஎஸ்சிக்கு 2034 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. ஐஓடி என்ற சொல் இல்லாத எல்டிஎஸ்சிக்குக் காலம் குறைவு, ஆர்டர் போடும்போது பெயரைக் கவனியுங்கள். தானாக ரீஸ்டார்ட் ஆவதையும் ஸ்லீப்பையும் நிறுத்திவிடுங்கள்.

டாங்கிள் நேரத்துக்கு வரவில்லை என்றால்? எக்ஸ்பியை அப்படியே வர்ச்சுவல் மெஷினாக (புதிய கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் ஒரு கணினியாக) ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். இற்றுப்போகும் ஹார்டுவேரிலிருந்து தப்பிக்க அது நல்ல இடைக்கால வழி. ஆனால் பேரலல் டாங்கிள் அங்கேயும் பிரச்சினைதான், பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுபோன எக்ஸ்பியும் அதே எக்ஸ்பிதான். அலுவலக நெட்வொர்க் பக்கம் அதைக் கொண்டுவரக்கூடாது. புதிய மென்பொருளே எழுதிவிடலாம் என்ற பேச்சும் வரும். அது வேண்டியதுதான், ஆனால் இந்த மாற்றத்தோடு சேர்க்காதீர்கள். இரண்டும் ஒரே நாளில் மாறினால், வரும் கோளாறு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஷட்டவுனுக்கு முன் இரண்டு கணினிகளையும் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிட வேண்டும். மாட்பஸ் ஆர்டியூ லைனில் கேள்வி கேட்கும் கணினி, அதாவது மாஸ்டர், ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டாவது கணினியை அதே கேபிளில் தட்டிவிட்டால் இரண்டும் கெடும். புதியதன் எக்ஸ்இயும் பழையதுதான், அதற்கும் சீரியல் மட்டுமே தெரியும். அதனால் மேசையில் உபரி பிஎல்சி ஒன்றையோ மாட்பஸ் சிமுலேட்டரையோ வைத்து ஓட்டுங்கள். பழைய திரையில் தெரியும் மதிப்புகளை அதில் ஊட்டி, ஒவ்வொரு டேக்கும் (திரையில் பெயரிட்டுக் காட்டும் மதிப்பு) ஒவ்வொரு அலாரமும் ஒத்துவருகிறதா பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு தசமப் புள்ளி தவறினால் இங்கேதான் பிடிபடும்.

மாற்றும் நாளில், எத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் பழைய கணினிக்குத் திரும்புவது, அந்த முடிவை யார் எடுப்பது என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேபிள்களுக்கு லேபிள் ஒட்டுங்கள். பழைய கணினியை உடனே கழற்றி ஓரங்கட்ட வேண்டாம். ஒரு மாத முடிவு அறிக்கை வர வேண்டும், ஒரு மின்தடைக்குப் பிறகு புதியது தானாக எழுந்து நான்கு பிஎல்சிகளையும் பிடிக்க வேண்டும், பாய்லர் ஒருமுறை குளிர்ந்த நிலையிலிருந்து லைட் அப் ஆக (பற்றவைத்துத் தொடங்க) வேண்டும். இந்த மூன்றும் நடக்கும் வரை அது அதே இடத்திலேயே தயாராக இருக்கட்டும்.