கடற்கரைக்கு எட்டுப் பேர், கட்டணத்துக்கு ஒரே கார்டு

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். ஜூன் விடுமுறையில் நாங்கள் நால்வரும் கொழுந்தனார் குடும்பத்தில் நால்வருமாக மூன்று இரவுக் கப்பல் பயணம் போகிறோம். பினாங்கில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 9 மணி வரை கப்பல் நிற்கும். பத்து பெரிங்கி கடற்கரைக்கு அழைத்துப் போகக் கப்பல் நிறுவனம் ஆளுக்கு 95 அமெரிக்க டாலர் கேட்கிறது. எட்டுப் பேருக்கும் என் கிரெடிட் கார்டில் போட்டுவிடலாமா, இல்லை நாங்களே போகலாமா? கார்டில் பழைய பாங்காக் பயணத்தையும் சேர்த்து 6,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பாக்கி நிற்கிறது. மாதம் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிடுகிறேன். பயணத்துக்கென்றே சேமிக்க, முதலீட்டுடன் கூடிய ஒரு காப்புறுதித் திட்டத்தையும் முகவர் ஒருவர் எடுக்கச் சொல்கிறார்.

பதில்: ‘மாதம் தவறாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பணம் போகிறது.

இங்கே கார்டு வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 27 விழுக்காடு. 6,200 வெள்ளிக்கு மாத வட்டி மட்டும் 140 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு என்றால் நீங்கள் கட்டுவது 186. கடனில் கழிவது 46 வெள்ளிதான். ஆண்டு முழுவதும் 2,000 வெள்ளிக்கு மேல் கட்டியும் கடன் ஐநூற்றுச் சொச்சம்தான் இறங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முழுத் தொகையும் கட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் வட்டியில்லா அவகாசம் உங்களுக்குக் கிடையாது.

அதன்மேல் இந்தச் சுற்றுலாவா? எட்டுப் பேருக்கு 760 அமெரிக்க டாலர், கிட்டத்தட்ட 1,000 வெள்ளி. வெளிநாட்டு நாணயக் கட்டணமாக வங்கி எடுப்பது தனி. அதில் பாதி உங்கள் செலவே அல்ல. “அப்புறம் தருகிறேன் அண்ணி” என்று கொழுந்தனார் சொல்வார். பாங்காக் பயணத்தின்போதும் சொல்லியிருப்பார். வட்டியில் அவர் பங்கை யாரும் கேட்பதில்லை. ஆகவே அவர் குடும்பத்துக்கானதை அவர் கார்டிலேயே பதிவு செய்யட்டும். இதைக் கப்பலில் எட்டுப் பேர் முன்னால் சொல்ல வேண்டாம். இந்த வாரமே உங்கள் கணவர் தம்பியிடம் பேசிவிடுவது நல்லது. அவர் தயங்கினால் நீங்களே சொல்லுங்கள். அண்ணிக்கு அந்த உரிமை உண்டு.

சரி, கடற்கரை. நீங்களே போகலாம். துறைமுகத்திலிருந்து பத்து பெரிங்கி சுமார் 15 கிலோமீட்டர். படகுத்துறைப் (ஜெட்டி) பேருந்து நிலையத்திலிருந்து 101ஆம் எண் பேருந்து போகும், ஆனால் பிள்ளைகளோடு கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) எடுப்பதே மேல். ஒரு வழிக்கு 35 ரிங்கிட் என்று வைத்தாலும் உங்கள் நால்வருக்குப் போக வர 70 ரிங்கிட், அதாவது 22 வெள்ளி போல. சாப்பாடு, இளநீர், பிள்ளைகள் கேட்கும் சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து 100 வெள்ளிக்குள் முடியும். கப்பல் நிறுவனம் உங்கள் நால்வருக்கே கிட்டத்தட்ட 500 கேட்கிறது.

அந்த அதிக விலையில் ஒரு நியாயம் உண்டு. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், உங்கள் கிராப் தாமதமானால் காத்திருக்காது. 9 மணிக்குப் புறப்படும் கப்பலில் அதற்கு வெகு முன்பே ஏறியாக வேண்டும். மாலையில் வழியிலுள்ள தஞ்சோங் பூங்கா பகுதியில் சாலை நெரியும். 5.30 மணிக்கெல்லாம் கடற்கரையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கப்பலைத் தவறவிட்டால் விமான டிக்கெட் வாங்க வேண்டிவரும், அதையும் அந்தக் கார்டில்தான் போடுவீர்கள். கடலில் இறங்குமுன் அங்கிருப்பவர்களிடம் ஜெல்லி மீன் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முகவரின் திட்டம் வேண்டவே வேண்டாம். 27 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு, முதல் சில ஆண்டுகளில் கட்டணமே பெரும்பகுதியைத் தின்னும் ஒன்றில் சேமிப்பது என்ன கணக்கு? இடையில் நிறுத்தினால் போட்டதே முழுதாகத் திரும்பாது. கார்டுக்கே மாதம் 550 வெள்ளி கட்டினால் 13, 14 மாதங்களில் தீர்ந்துவிடும். அவ்வளவு முடியாவிட்டால், குறைந்த கட்டணத்தில் பாக்கியை வேறு வங்கிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பழைய கார்டைப் பூட்டி வைத்தால்தான் அதில் பயன் உண்டு. இரண்டையும் வைத்துத் தேய்த்தால் இரண்டு கடனாகும்.

கப்பலில் செலவுகளுக்காகத் தரும் அட்டையோடு எந்தக் கார்டை இணைக்கிறீர்கள் என்பதையும் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். டெபிட் கார்டோ ரொக்கமோ போதும். பினாங்குக்கு 300 ரிங்கிட்டை இங்கேயே மாற்றிக்கொண்டு போங்கள்.