பிக்கப் வண்டிக்கு அலாய் வாங்கும் முன்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பிக்கப்புக்கு அலாய் (அலுமினியக் கலவை) வீல் போடுவது பற்றியவை. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், நடுவில் ஒரு மஹிந்திரா போலெரோ. ஒரு வேண்டுகோள்: வண்டி எது, எந்த வருடம், இப்போது போட்டிருக்கும் டயர் சைஸ் என்ன, பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள், இந்த நாலையும் எழுதிவிடுங்கள். இது தெரியாமல் யார் சொல்லும் பதிலும் குத்துமதிப்புதான்.

வி-கிராஸில் கம்பெனி 18 இன்ச் இருக்கிறது. 20 போடலாமா? தோப்புக்குள் அடிக்கடி போவேன். (பொள்ளாச்சி)

தோப்புக்குள் போகிறவருக்கு 20 எதற்கு? உங்கள் 255/60 டயரின் (அகலம் 255 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம்) பக்கச்சுவர் சுமார் 15 செ.மீ. 20க்குப் போனால் வெளிவிட்டம் பெரிதாக மாறாமல் இருக்க 265/50 மாதிரி ஒன்று போட வேண்டிவரும், அதில் 13தான் மிச்சம். கல்லில் ஏறும்போது ரிம்மைக் காப்பாற்றுவதே அந்த ரப்பர்தான். எதிர்ப்பக்கம் போங்கள்: 17 இன்ச் ரிம், 265/65 டயர். வெளிவிட்டம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் கூடும், ஸ்பீடோமீட்டரில் 2% கூட வித்தியாசம் வராது. அதே குடும்பத்து ஹை-லேண்டர் 16 இன்ச் இரும்பு வீலில் வருகிறது, அதனால் 17 பொதுவாக பிரேக்கில் இடிக்காது. இருந்தாலும் டயர் ஏற்றும் முன் வெறும் வீலை மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றி, ஸ்போக் பிரேக் காலிப்பரில் படுகிறதா என்று பார்த்துவிடுங்கள். டயர் ஏறிய வீலை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

இன்னோவா கிரிஸ்டா அலாய் மலிவாகக் கிடைக்கிறது. ஹைலக்ஸில் மாட்டுமா?

மாட்டாது. கிரிஸ்டா 5 போல்ட், பிசிடி (போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ. ஹைலக்ஸ் 6 போல்ட், 139.7. அதே அளவுள்ள ஃபார்ச்சூனர் வீல் கிடைத்தால் வாங்குங்கள்.

பிசிடி ஒன்றுதானே என்று ஃபார்ச்சூனர் அலாயை வி-கிராஸில் போட்டேன். 80க்கு மேல் ஸ்டீயரிங் ஆடுகிறது. மூன்று தடவை பாலன்சிங் செய்தும் போகவில்லை. (சேலம்)

பிசிடி ஒன்றுதான், நடு ஓட்டை வேறு. டொயோட்டாவில் 106 மி.மீ., இசுசுவின் ஹப் (வீல் மாட்டும் அச்சு முனை) 100ஐ ஒட்டி. அந்த இடைவெளியில் வீல் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் தொங்கியபடி இறுகிவிடுகிறது. பாலன்சிங் மெஷினில் எல்லாம் சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் அங்கே கோன் போட்டு நடுவில் பிடித்துவிடுவார்கள். ஹப் ரிங் (அந்த இடைவெளியை நிரப்பும் வளையம்) நாலு வாங்குங்கள், ஹப்பையும் வீலையும் நேரில் அளந்து வாங்குங்கள்.

அதோடு நட்டையும் பாருங்கள். டொயோட்டாவின் கம்பெனி அலாய்கள் பலவற்றுக்கு வாஷர் வைத்த தட்டை நட், வெளியில் வாங்கும் வீலுக்கு பெரும்பாலும் கூம்பு நட். ஒன்றுக்கு மற்றது போட்டால் இறுகினது போல இருக்கும், ஆனால் இறுகியிருக்காது. நட்டை வண்டி தரையில் நிற்க, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்), மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கவும். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. காற்றுத் துப்பாக்கியால் கடைசி இறுக்கு வேண்டவே வேண்டாம்.

என் வண்டிக்கு எந்த ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) நல்லது?

எந்த வண்டி? கடிதத்தில் வேறு ஒரு வரியும் இல்லை. திரும்ப எழுதுங்கள்.

ஹைலக்ஸில் 9 இன்ச் அகலம், ஈடி (ஆஃப்செட், மி.மீ.யில்) 0 போட்டால் வண்டி விரிந்து அழகாக இருக்கும் என்கிறார்கள். (கோவை)

கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். கம்பெனி வீல் ஏழரை இன்ச், ஈடி 30 என்று வைத்துக்கொள்வோம். ஆஃப்செட் மாறியதால் 30 மி.மீ. வெளியே வரும், அகலம் கூடியதில் பாதி இன்னொரு 19. ஆக ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வெளியே வந்து மட்கார்டைத் தாண்டும். சேறு முழுக்கக் கதவில் அடிக்கும், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டின் உள்பக்க லைனரில் உரசும், குழியில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையை உதைக்கும், வீல் பேரிங் சீக்கிரம் போகும். 8 இன்ச், ஈடி 20 போடுங்கள். ஒரு பக்கம் ஒன்றரை செ.மீ. வெளியே வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும், பேரிங்கும் பிழைக்கும்.

2 இன்ச் ஸ்பேசர் (வீலை வெளியே தள்ள ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் வளையம்) போடலாமா?

வேண்டாம். தேவையான ஆஃப்செட்டில் வீலையே வாங்குங்கள்.

போலெரோ பிக்கப்பில் காய்கறி ஏற்றுகிறேன். பழைய அலாய் நாலு 12 ஆயிரத்துக்கு வாங்கிப் போட்டேன். பின் வீல் ஒன்றில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது, பார்த்தால் உள்பக்கம் விரிசல். வெல்டிங் வைத்தால் தாங்குமா? (ஒட்டன்சத்திரம்)

தாங்காது. அந்த வீலோடு லோடு ஏற்றி இன்னொரு நடை போகாதீர்கள். இன்றைக்கே கழற்றுங்கள்.

இதை நான் எழுதாத மாதம் இல்லை, இனியும் எழுதுவேன். பிசிடி பொருந்துகிறதா என்று கேட்கிறார்கள், கலர் கேட்கிறார்கள், விலை கேட்கிறார்கள், இந்த வீல் எத்தனை கிலோ தாங்கும் என்று பத்தில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. விற்கிறவரும் சொல்வதில்லை. அந்த எண் வீலின் பின்புறத்திலேயே அச்சாகியிருக்கும், திருப்பிப் பார்த்தால் போதும். கார் அலாய்களில் 600, 700 கிலோ என்று இருக்கும். உங்கள் வண்டி பாரத்தோடு ஏறக்குறைய 3 டன். காய்கறி மூட்டை எல்லாம் பின் ஆக்சிலுக்கு மேல்தான் உட்காருகிறது, அதனால் 2 டன்னாவது அங்கேதான். ஒரு வீலுக்கு 1,000 கிலோ. வண்டி சும்மா நிற்கும்போதே 700 கிலோ வீலில் 1,000 கிலோ. அதோடு வேகத்தடையில் இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். மார்க்கெட்டில் ஓவர்லோடும் வழக்கம், அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வெல்டிங் ஏன் கூடாது என்றால், இந்த வீல்கள் வார்ப்பு அலுமினியம், வார்த்த பிறகு சூடேற்றிப் பதப்படுத்தித்தான் அந்த பலத்தைக் கொண்டுவருகிறார்கள். வெல்டிங் சூட்டில் சுற்றுவட்டாரம் முழுக்க அந்தப் பதம் போய்விடும். ஒட்டுப் போட்ட கோடு நிற்கும், பக்கத்தில் புதிதாக விரியும். இரும்பு வீல் அடிபட்டால் முதலில் நெளியும், நமக்கும் தெரியும். அலாய் அப்படி முன்கூட்டிச் சொல்லாது, உள்பக்கம் மயிரிழையாகத் தொடங்கி ஒரு நாள் விட்டுவிடும். டியூப்லெஸ்ஸில் பஞ்சரும் இல்லை, வால்வும் சரி, ஆனாலும் காற்று இறங்குகிறது என்றால் ரிம்மைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்.

பிழைப்புக்காக பாரம் ஏற்றுகிறவருக்கு என் பதில் ஒன்றுதான்: கம்பெனி இரும்பு வீல். அழகுக்கு பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். கட்டாயம் அலாய்தான் என்றால் ஒரு வீலுக்கு 1,100 கிலோவுக்குக் குறையாமல் அச்சிட்டிருக்க வேண்டும், ஜேடபிள்யூஎல்-டி முத்திரை இருக்க வேண்டும். கடைசியில் உள்ள அந்த 'டி' முக்கியம், லாரி, பஸ்ஸுக்கான ஜப்பானிய அளவுகோல் அது. வெறும் ஜேடபிள்யூஎல் என்றால் கார் வீல். முத்திரைகளைப் போலியாகவும் வார்க்கிறார்கள், அதனால் பில் போட்டுத் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். 12 ஆயிரத்துக்கு நாலு என்ற விலையே உங்களை நிறுத்தியிருக்க வேண்டும்.

வீல் மாற்றினால் ஆர்டிஓ பிடிப்பாரா? இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில் உள்ள கம்பெனி விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடைமுறையில், வெளிவிட்டம் 3 சதவீதத்துக்குள், டயர் மட்கார்டுக்குள், ரிம்மில் ஐஎஸ்ஐ முத்திரை, இந்த மூன்றும் இருந்தால் தொந்தரவு குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் பயனில்லை.

குரோம் நல்லதா, கறுப்பு பவுடர் கோட்டிங்கா? (தூத்துக்குடி)

உப்புக் காற்றுக்கு குரோம் நிற்காது. பவுடர் கோட்டிங் போடுங்கள், வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் உள்பக்கமும் கழுவுங்கள். கல் பட்டுப் பெயர்ந்த இடத்தை உடனே தொட்டு மூடிவிடுங்கள்.

நாலு வீல் போதுமா, ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்தா? கடைக்காரர் நாலு போதும் என்கிறார். (மதுரை)

ஐந்து. வெளிவிட்டம் மாறிய பிறகு பழைய ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டினால் இடது, வலது வீல்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றும், டிஃபரன்ஷியல் (இரண்டு பக்க வீல்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) ஓயாமல் வேலை செய்யும். அதோடு ஃபோர் வீல் வேறு போட்டீர்கள் என்றால் செலவு பெரிதாகிவிடும். பட்ஜெட் இடிக்கிறதென்றால் ஐந்தாவது ரிம்மை இரும்பில் வாங்குங்கள், டயர் மட்டும் அதே சைஸ். நட்டும் இரும்பு ரிம்முக்கு ஏற்றதாக ஆறு, டூல் பையில் தனியாக. இன்னொன்று, பணம் கொடுக்கும் முன் புது வீலை பெட்டிக்குக் கீழே ஸ்டெப்னியைத் தொங்கவிடும் சங்கிலியில் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். நடு ஓட்டையில் சங்கிலி முனையில் உள்ள தட்டு பிடிக்காமல் நழுவுகிற வீல்களும் இருக்கின்றன.