கிளிமீன் குழம்பு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் களியக்காவிளைக்காரர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டில் கிளிமீன் குழம்புதான். பவளப்பாறையைக் காப்பதே கிளிமீன், அதைத் தின்னக்கூடாது என்று பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் தட்டைத் தள்ளிவிடுகிறாள். வாங்குவதை நிறுத்த வேண்டுமா?

பதில்: குழம்பைத் தாராளமாக வையுங்கள். மகள் படித்ததும் சரிதான், மீன்தான் வேறு: ஒரே பெயரில் இரண்டு மீன்கள்.

உங்கள் சந்தைக்கு வருவது இளஞ்சிவப்பு உடம்பும் மஞ்சள் கோடும் கொண்ட மீன். வாலின் மேல்நுனி நூல்போல நீண்டிருக்கும். சென்னைப் பக்கம் சங்கரா என்பார்கள். சேறும் மணலுமான கடலடியில் இறாலும் சிறுமீனும் தின்று வாழ்வது, இழுவைமடியில் அள்ளப்படுவது. பவளப்பாறையை நம்பிப் பிழைக்கும் மீன் அல்ல.

மகள் சொல்லும் மீன் ராமேஸ்வரம், லட்சத்தீவுப் பக்கத்து மீன். நீலமும் பச்சையுமாக, பெரிய செதில்களோடு இருக்கும். வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: பற்கள் ஒன்றாக இணைந்து கிளியின் அலகாகவே ஆகியிருக்கும். அந்த அலகால் செத்த பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்தே உள்ளே போகும். தொண்டைக்குள் இன்னொரு பல்வரிசை ஆட்டுக்கல் மாதிரி அதை அரைக்க, மிச்சம் வெள்ளை மணலாக வெளியேறும். மாலத்தீவின் வக்காரு தீவில் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் இந்த மீன்கள் தந்தது என்று 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தீவுக்காரர்கள் நிற்கும் தரையே பெருமளவு மீன் எச்சம்!

இதில் பவளத்துக்கு என்ன லாபம்? பவளக் குஞ்சு வந்து ஒட்ட, பாசி மண்டாத கல் வேண்டும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்து மடிந்தது. அப்படிச் செத்த பரப்பைப் பாசி மூடிவிடாமல் மேய்கிறவற்றில் முதலிடம் இந்த மீனுக்கு. கரீபியன் கடலில் பாசியை மேய்ந்துவந்த கடல் முள்ளெலிகள் (உடம்பெல்லாம் முள்ளான உருண்டை உயிர்கள்) 1983இல் நோயில் கூட்டமாக மடிந்தன. பாசி மேய மிஞ்சியது இந்த மீன்தான். அதையும் அளவுக்கு மீறிப் பிடித்திருந்த இடங்களில் பாறையைப் பாசி விழுங்கியது. பெலீஸ் நாடு 2009இல் இதைப் பிடிக்கவே தடை போட்டது. ஆனால் மீனைக் காத்துவிட்டால் பவளம் பிழைத்துவிடும் என்று மகள் நினைத்தால் அது மிகை. சூட்டை எந்த மீனாலும் தடுக்க முடியாது. வெளுத்த பிறகு பாறை மீண்டெழத்தான் இது கைகொடுக்கும்.

இரவில் இது பாறையிடுக்கில் அசையாமல் உறங்கும். சில வகைகள் தம்மைச் சுற்றிச் சளியால் உறையே கட்டிக்கொள்ளும். டார்ச்சும் ஈட்டியுமாக இறங்குகிறவனுக்கு அப்போது இது மிக எளிய இரை. பெரும்பாலான வகைகளில் பெண்ணே பிறகு ஆணாக மாறும். பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் பெரியவை பெரும்பாலும் அப்படி மாறியவை. பெரிதாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தால் கூட்டத்தில் ஆண் குறைந்துவிடும். ஆகவே அலகு வாய் மீன் எப்போதாவது கூடையில் வந்தால் வாங்காதீர்கள். லட்சத்தீவுக்குச் சுற்றுலா போனாலும் சூரையே கேளுங்கள். அங்கே தூண்டிலில் பிடிப்பது அதுதான்.

உங்கள் சிவப்புக் கிளிமீனில் கவனிக்க வேண்டியது அளவு. விரல் நீளக் குஞ்சைக் கூறுகட்டி விற்றால் விலை மலிவு என்று அள்ளாதீர்கள். கேரளத்தில் இதற்குக் குறைந்தபட்ச அளவைச் சட்டமே வகுத்திருக்கிறது. நம் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுத் தடை இருப்பதால் அப்போது வரத்து குறையும். அந்த இரண்டு மாதம் சாளையோ நெத்திலியோ கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.