கொல்லையில் செயற்கைப் புல் பிட்ச் போடலாமா?

"அண்ணா, சிட்னிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்கோஃபீல்ட்ஸ் பக்கம் சொந்த வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். கொல்லையில் 11 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்துக்கு வெறும் மண்ணாகக் கிடக்கிறது. பையன்கள் இரண்டு பேரும் கிரிக்கெட், பேட்மின்டன் ஆட செயற்கைப் புல் போட்டுவிடலாமா? உள்ளூர்க் கவுன்சில் அனுமதி வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம் தம்பி. நானும் டூங்காபியில் போட்டிருக்கிறேன். அதுவும் ஒரே இடத்தில் இரண்டு முறை. அந்தக் கதையைச் சொன்னாலே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். பேட்மின்டன் கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். உங்கள் இடத்தில் அடங்காது. குறுக்கே வலையைக் கட்டிச் சும்மா தட்டிக்கொண்டிருக்கலாம், காற்றடித்தால் அதுவும் இல்லை. கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், அதாவது 20 மீட்டரும் கொஞ்சமும். அதில் பாதி உங்களிடம் இருக்கிறது. நீங்கள் பந்தை எறிந்துகொடுத்துப் பையன்கள் அடித்துப் பழக அது போதும். 10க்கு 3 மீட்டரைப் பிட்சுக்கு ஒதுக்குங்கள். மீதியில் நிஜப் புல் வளரட்டும்.

இனி என் கதை. முதல் தடவை விளம்பரத்தைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டேன். ஒன்றரை நாளில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். பச்சைப்பசேல் என்று இருந்தது. ஊரிலிருந்து வீடியோ காலில் பார்த்த என் மாமியார், "நாற்றங்கால் மாதிரி இருக்கே மாப்பிள்ளை" என்றார். பந்தைப் போட்டபோதுதான் அவர் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது! 35 மில்லிமீட்டர் உயரப் புல். உட்கார்ந்து டீ குடிக்க நன்றாக இருக்கும், பந்து எழும்பாது. கிரிக்கெட்டுக்குப் போடுவது 10 மில்லிமீட்டரை ஒட்டிய குட்டைப் புல், அதையும் கான்கிரீட் தளத்தின்மேல் ஒட்டுவார்கள். பக்கத்துப் பூங்காவில் கிரிக்கெட் வலைக்குள் போய்க் குனிந்து தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்து மழை வந்தது. மேற்கு சிட்னியில் பெரும்பாலும் களிமண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த ஆள் அதன்மேல் இரண்டு அங்குலம் மணலைத் தூவிப் புல்லை விரித்திருக்கிறார். ஒரு குளிர்காலம் தாண்டியதும், சரியாகப் பந்து குத்துகிற இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பள்ளம். அதில் தண்ணீர், தண்ணீரில் கொசு. விரித்த இரண்டு புல் ரோல்களும் சேரும் இடம் பழைய செருப்பு மாதிரி வாயைப் பிளந்துகொண்டது. போன் செய்தால் எடுக்க ஆளில்லை.

இரண்டாம் முறை அடியிலிருந்து செய்தோம். 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால் உங்கள் 30 சதுர மீட்டருக்கே பத்து டன் மண் வரும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, யார் காசு என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுப் பக்கவாட்டு வழி 90 சென்டிமீட்டர்தான், மண் அள்ளுகிற பாப்கேட் இயந்திரம் நுழையவில்லை. டிங்கோ என்கிற அதைவிடக் குட்டி இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வார இறுதி முழுக்க ஓட்டினோம். அப்புறம் சாலைக்குப் போடுகிற ஜல்லிக்கலவையை இரண்டு அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்துக் குலுக்கு இயந்திரத்தால் அழுத்தி, மேலே கம்பிவலை வைத்துக் கான்கிரீட். 3 மீட்டர் அகலத்துக்கு 3 சென்டிமீட்டர் சாய்வு, சரிகிற ஓரத்தில் தண்ணீர் இறங்க ஜல்லி வாய்க்கால். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகக் கூடாது, அதில் மட்டும் கவனம். மொத்தச் செலவில் புல்லின் பங்கு நாலில் ஒன்றுகூட வரவில்லை.

அனுமதி விஷயத்தில் கவுன்சிலுக்குக் கவுன்சில் நிபந்தனை மாறும், உங்கள் கவுன்சிலிடமே கேளுங்கள். மனையில் விடவேண்டிய தோட்டப் பரப்புக் கணக்கில் சில இடங்களில் செயற்கைப் புல்லைச் சேர்ப்பதில்லை. கொல்லைக்கடியில் கழிவுநீர்க் குழாய் ஓடினால், கான்கிரீட் போடும் முன் குடிநீர், கழிவுநீரைக் கவனிக்கிற சிட்னி வாட்டர் நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். தோண்டும் முன் 'பிஃபோர் யூ டிக்' இணையதளத்தில் முகவரியைக் கொடுங்கள், எந்தக் குழாய், எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடங்களை இலவசமாக அனுப்புவார்கள். வேலை 5,000 டாலரைத் தாண்டினால் உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. "பாதியை இப்பவே கொடுங்க, நம்ம ஊர்க்காரங்கதானே" என்று யாராவது தமிழில் பேசினாலும் அதே 10 சதவீதம்தான்.

வெயிலைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 2020 கோடையில், ஜனவரி 4 அன்று மேற்கு சிட்னியின் பென்ரித்தில் 48.9 டிகிரி. காற்றே அப்படியென்றால் பிளாஸ்டிக் புல் எப்படிக் கொதிக்கும்? ஒரு டிசம்பர் மதியம் என் மகள் செருப்பில்லாமல் பிட்சில் கால் வைத்துவிட்டு, சித்திரை மாதம் கோயில் பிராகாரத்தில் ஓடுகிற மாதிரி குதித்துக்கொண்டே ஓடினாள். தண்ணீர் அடித்தால் கொஞ்ச நேரம்தான் தணியும். அதனால்தான் சுற்றி நிஜப் புல் விடச் சொன்னேன். நல்லவேளையாகக் கோடையில் இங்கே எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும், ஆட்டத்தை ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வேலி. இங்கே பல வீடுகளில் தகர வேலிதான். டென்னிஸ் பந்து பட்டாலே டமார் என்று சத்தம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி நர்ஸ், இரவுப் பணி முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து கதவைத் தட்டினார். வேலிக்கு ஓரடி முன்னால் வலையைத் தொங்கவிட்ட பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு டப்பா முறுக்கோடு போய்ச் சொல்லிவிடுங்கள். வேலியைத் தாண்டி அடித்தால் சிக்ஸ், ஆனால் அவுட் என்பது இந்த ஊர்ச் சட்டமும்கூட. நம் தெருவில் எதிர்வீட்டு மாடியில் பந்து விழுந்தால் அவுட் கொடுப்போமே, அதேதான்.

அவசரம் வேண்டாம். முதல் ஆறு மாதம் பையன்களைப் பூங்கா வலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், காசு கிடையாது. ஆர்வம் அப்போதும் குறையவில்லை என்றால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஒரு டென்னிஸ் பந்தைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கலாம். முதல் தடவை போட்ட புல்லில் ஒரு துண்டை ஷெட்டில் வைத்திருக்கிறேன், அதையும் காட்டுகிறேன்.