தெருப் பள்ளம் மாமன்றப் பொருளாவது எப்போது?

கேள்வி: சென்னை மாநகராட்சியின் வளசரவாக்கம் மண்டலத்தில் குடியிருக்கிறோம். எங்கள் தெரு முனையில், பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகும் வழியில், மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து மாதக்கணக்காகிறது. அதே இடத்தில் இரண்டு தெருவிளக்குகள் எரிவதில்லை. இருட்டில் நகை பறிப்பும் நடந்துவிட்டது. நாற்பது பேர் கையெழுத்திட்டுக் கவுன்சிலரிடம் மனு கொடுத்தோம். "மாமன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இன்னும் வரவில்லை" என்கிறார். எங்கள் நலச்சங்கத்துக்கு வந்துபோகும் ஒருவர், பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே சேர்த்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா? இல்லையென்றால் வேறு என்ன வழி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்தேன் என்று தப்பிக்க வேண்டுமானால் 7 நாளுக்குள் காவல் துறையிடமோ ஊழல் தடுப்புத் துறையிடமோ தெரிவித்திருக்க வேண்டும். "நான் வாங்கிக் கொடுப்பவன் மட்டும்தான்" என்று அந்த நல்லவர் சொல்வதற்கும் மதிப்பில்லை. அதிகாரியை வளைத்துத் தருகிறேன் என்று பணம் வாங்கும் இடைத்தரகருக்கும் அதே சட்டத்தில் தனிப்பிரிவு இருக்கிறது.

அவர் எப்படிப் பிழைக்கிறார் என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். மண்டல அலுவலகத்தில் எந்தெந்தத் தெருவுக்குச் செலவு மதிப்பீடு தயாராகிவிட்டது, எது கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்பதை ஒரு எழுத்தர் மூலமாக முன்கூட்டியே தெரிந்துகொள்வார். எப்படியும் வரப்போகிற வேலைக்கு உங்களிடம் வசூலிப்பார். பொருள் பட்டியல் வெளியானதும் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, "பார்த்தீர்களா, சேர்த்துவிட்டேன்" என்று காட்டுவார். பனம்பழம் எப்போது விழும் என்று தெரிந்துகொண்டு வந்து உட்காரும் காக்கை இது. பழம் விழாத தெருக்களில், "ஆணையர் மாறிவிட்டார், கொஞ்சம் பொறுங்கள்" என்பார். பணம் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இனி கூட்டப் பொருள் விவகாரம். மனு போனால் பொருளாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. மதிப்பீடு இருந்தால்தான் பொருளாகும். உங்கள் வார்டின் உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து அளந்து, செலவைக் கணக்கிட்டு, எந்த நிதித் தலைப்பில் செய்யலாம் என்று குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பு மேலதிகாரிகளின் மேசைகளைத் தாண்ட வேண்டும். சிறிய தொகையானால் அதிகாரிகள் மட்டத்திலேயே முடியும். அதற்கு மேலானால் மண்டலக் குழுவுக்குப் போகும். இன்னும் பெரிதென்றால் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குப் போய், தலைமைப் பொறியாளர், ஆணையர், நிலைக்குழு என்று ஏறி மாமன்றத்துக்கு வரும். அங்கே என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? பொருளின் எண் வாசிக்கப்படும், "ஏற்கப்படுகிறது" என்று குரல் எழும், அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். உங்கள் தெருவின் தலைவிதி அந்த மூன்று விநாடியில் தீர்மானிக்கப்படுவதில்லை. மாதங்களுக்கு முன்பே, உதவிப் பொறியாளரின் மேசையில் தீர்ந்துவிடுகிறது. ஆகவே கவுன்சிலர் "பொருளில் வரவில்லை" என்று சொன்னால், "மதிப்பீடு போட்டாகிவிட்டதா? கோப்பு எண் என்ன?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் உங்கள் மனு அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று பொருள்.

இதைவிட முக்கியமானது ஒன்று: உடைந்த மூடிக்கு மாமன்றம் எதற்கு? ஒரு மூடி மாற்றுவது அன்றாடப் பராமரிப்பு வேலை. குழந்தை விழக்கூடிய பள்ளமென்றால் அது அவசர வேலையும்கூட. பொதுமக்களின் பாதுகாப்புக்கு உடனே செய்தாக வேண்டியதை ஒப்புதலுக்குக் காத்திராமல் செய்துவிட்டுப் பிறகு மன்றத்தில் பின்னேற்பு பெறும் வழக்கம் உள்ளாட்சி நிர்வாகத்துக்குப் புதிதல்ல. மழை வெள்ளத்தின்போது மோட்டார்களை வாடகைக்கு எடுக்க யாரும் கூட்டம் கூட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் வெயில் காலத்தில் ஒரு காங்கிரீட் மூடிக்கு மட்டும் "பொருளில் வரட்டும்" என்பார்கள். வேலை செய்ய மனமில்லாதவர்களுக்குக் கூட்டப் பொருளைப் போல வசதியான சாக்கு வேறில்லை.

உங்கள் மனுவிலும் ஒரு குறை இருக்கிறது. மூடி, விளக்கு, நகை பறிப்பு மூன்றையும் ஒரே தாளில் எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் யாருக்கும் பொறுப்பில்லாத மனுவாகிவிடும். பிரித்து எழுதுங்கள்.

நகை பறிப்பு காவல் துறையின் வேலை. நம் அரசியலமைப்பில் காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநகராட்சிக்கு அதில் அதிகாரம் கிடையாது. கவுன்சிலர் காவல் ஆய்வாளரிடம் பேசலாம், அவ்வளவுதான். ரோந்து கேட்டுக் காவல் நிலையத்தில் தனி மனு கொடுங்கள். விளக்கு மாநகராட்சியின் மின்துறையைச் சேர்ந்தது. கம்பத்தில் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணைக் குறிப்பிடாத புகார் பாதிப் புகார்தான். கம்பத்துக்கு அருகே மின்பகிர்மானப் பெட்டி திறந்து கிடந்தால் அது மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டியது, மாநகராட்சிக்கு அல்ல.

மூடியைச் சற்று குனிந்து பாருங்கள். சாலை ஓரமாக, செவ்வகமான காங்கிரீட் பலகை என்றால் பெரும்பாலும் மழைநீர் வடிகால்; மாநகராட்சிக்குரியது. வட்டமான மூடி, சாலையின் நடுப்பகுதியில், கழிவுநீர் நாற்றத்தோடு இருந்தால் குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை. மாற்றிக் கொடுத்தால் "எங்கள் துறையைச் சேர்ந்ததல்ல" என்ற ஒரு வரியோடு புகார் முடிக்கப்படும். கணக்கில் அதுவும் தீர்த்து வைக்கப்பட்ட புகாராகவே ஏறும் என்பது இந்த நிர்வாகத்தின் தனி அழகு.

மூடிக்கான மனுவில் இவை போதும்: எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, உடைப்பு எத்தனை அடி நீளம், பள்ளி எத்தனை மீட்டர் தூரம், அளவு நாடாவை மேலே வைத்து எடுத்த ஒரு படம். நாற்பது கையெழுத்து தேவையில்லை. ஒரு அளவு நாடா நாற்பது கையெழுத்துக்குச் சமம். பொறியாளர் மதிப்பீடு எழுத அதுதான் உதவும். 1913-இல் புகாரைப் பதிவு செய்து அந்த எண்ணை மனுவின் தலைப்பில் எழுதுங்கள். மனுவை உதவிப் பொறியாளருக்கு எழுதி, நகலைச் செயற்பொறியாளருக்கும் மண்டல அலுவலருக்கும் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்சிலருக்கு ஒரு நகல் போதும். வேலை நடந்தால் பெயர் அவருக்குப் போகட்டும், உங்களுக்கு மூடி வந்தால் சரி.

"நேரமில்லா நேரத்தில் பேசிவிட்டேன்" என்று கவுன்சிலர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். பொருள் பட்டியலில் இல்லாததைப் பேச விடும் நேரம் அது. அதில் பேசுவதால் தீர்மானம் பிறப்பதில்லை, நிதியும் ஒதுக்கப்படுவதில்லை. மறுநாள் நாளிதழில் நான்கு வரி வரும். அதைக் கத்தரித்து அலுவலகச் சுவரில் ஒட்டிவைப்பார். அவர் உண்மையாகவே உதவ நினைத்தால், வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து அந்த வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம். கேட்டுப் பாருங்கள். முகம் எப்படி மாறுகிறது என்பதிலிருந்தே நிறையத் தெரிந்துவிடும்.

தரகரும் இல்லாமல், கவுன்சிலர் தயவும் இல்லாமல் உங்கள் தெருவைப் பதிவேட்டில் ஏற்ற ஒரு சட்ட வழி இருக்கிறது. அதைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை. 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதி சபாவும் அவற்றுக்கு மேல் வார்டு குழுவும் அமைக்கப்பட்டன. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும் சபாவின் உறுப்பினர்கள். நீங்களும்தான். யார் சிபாரிசும் வேண்டாம். முதல் கூட்டம் 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாடு முழுவதும் நடந்தது. முதலமைச்சரே பம்மலில் கலந்துகொண்டார். ஆண்டுக்கு நான்கு நாட்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10.

தேதிகளைக் கவனியுங்கள். எல்லாமே யாரையாவது, எதையாவது கொண்டாடும் நாட்கள். வடிகால் எப்போது நிரம்பும் என்று பார்த்து வைத்த தேதிகள் அல்ல. ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவே ஐந்து மாத இடைவெளி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. டிசம்பர் 10-இல் கூடி வடிகாலைப் பற்றிப் பேசுவது சாவு வீட்டில் வைத்தியம் கேட்பதுதான். ஆகவே வடிகால் சம்பந்தப்பட்ட எதையும் ஏப்ரல் கூட்டத்தில் பதியுங்கள். செப்டம்பரில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

அங்கேயும் ஒரு பொறி. நுழைந்ததும் ஒரு நோட்டில் கையெழுத்து கேட்பார்கள். தலைப்பு எழுதாத வெற்றுப் பக்கமென்றால் போடாதீர்கள். பிறகு அதன் மேலே என்ன தீர்மானம் வேண்டுமானாலும் எழுதி "மக்கள் ஏகமனதாக ஏற்றார்கள்" என்று முடித்துவிடலாம். பக்கத்தின் மேலே கூட்டத்தின் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். பேசி முடித்ததும் உங்கள் கோரிக்கை எழுத்தில் ஏறியதா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்று தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தேநீரைக் குடித்துவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

அதற்குப் பிறகும் அசையவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தாள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் மடக்கிவிடுவார்கள். "இந்தத் தேதியிட்ட மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், மதிப்பீட்டின் நகல், கோப்பு இப்போது யாரிடம் உள்ளது" என்று ஆவணம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த விண்ணப்பம் எழுதித் தரவும் ஐந்நூறு, ஆயிரம் கேட்கும் ஆட்கள் அலுவலக வாசலிலேயே இருக்கிறார்கள். சிலர் உங்கள் பெயரில் மனுப் போட்டு, வந்த பதிலை வைத்து ஒப்பந்ததாரரிடம் பேரம் பேசுவதும் உண்டு. உங்கள் கையால் நீங்களே எழுதுங்கள்.

இவ்வளவும் உங்கள் தெரு மாநகராட்சித் தெருவாக இருந்தால்தான். இல்லாவிட்டால் மேலே சொன்னதில் பாதி வீண். "தெரு முனை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முனை எந்தச் சாலையைத் தொடுகிறது என்று எழுதவில்லை. அது உட்புறத் தெருவானால் மண்டல அலுவலகம் பார்க்கும். பேருந்து போகும் சாலையானால் மாநகராட்சிதான் என்றாலும் பேருந்துத் தடச் சாலைகளுக்கென்று தலைமையிடத்தில் தனித்துறை இருக்கிறது. உங்கள் உதவிப் பொறியாளர் அங்கே கைவைக்க மாட்டார். நெடுஞ்சாலைத் துறையின் சாலையானால் நகரின் நடுவில் இருந்தாலும் மாநகராட்சிக்குச் சம்பந்தமில்லை. அண்ணா சாலையே அப்படித்தான். ஓரத்து வடிகாலும் பெரும்பாலும் சாலைக்கு உடைமையானவர்கள் பொறுப்பு. மாமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் நெடுஞ்சாலைத் துறைக்கு அது வெறும் கடிதம்தான். உங்கள் மண்டலத்தின் ஊடாகப் போகும் ஆற்காடு சாலையைப் போல மெட்ரோ ரயில் கட்டுமானம் நடந்த சாலையென்றால் இன்னொரு சிக்கல்: வேலைக்காக உடைத்த வடிகாலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது உடைத்தவரின் கடமையா, சாலைக்காரரின் கடமையா என்று இரண்டு அலுவலகங்களும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். குழி அப்படியே கிடக்கும்.

இதில் மாமன்ற உறுப்பினர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மாமன்றமே இல்லாமல் தனி அலுவலரை வைத்து ஓட்டினார்கள். ஆணையராக வைத்த பொருளைத் தனி அலுவலராக ஏற்றுக்கொண்டதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அந்த ஐந்து ஆண்டுப் பழக்கம் அலுவலகங்களை விட்டு இன்னும் போகவில்லை.

நாளைக்கே உதவிப் பொறியாளரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கொடுங்கள்: "இந்த இடத்தில் உள்ள சாலையும் வடிகாலும் எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளன?" பதிலும் எழுத்தில் வேண்டும். நெடுஞ்சாலைத் துறை என்று வந்தால் அந்தக் கடிதத்தின் நகலோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்; அதற்கு வழி வேறு. மாநகராட்சி என்று வந்தால், உடைந்த மூடியைச் சுற்றித் தடுப்பு வைக்கச் சொல்லி அன்றே இரண்டாவது மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.