ஏசி, ஹீட்டர் ரிப்பேர்: யாரை நம்பி வேலை கொடுப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஏசி சரியாகக் குளிரவில்லை. ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: எத்தனை டன், எத்தனை வருடப் பழசு, இன்வெர்ட்டரா இல்லையா, வெளி யூனிட் ஓடுகிறதா, எதையுமே எழுதாமல் செலவை மட்டும் கேட்டால் என்ன சொல்வது? மெக்கானிக்கிடமும் இப்படிக் கேட்டால் அவர் வாய்க்கு வந்த தொகையைச் சொல்வார். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். அப்புறம் மாடல் எண்ணோடு எழுதுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாகக் கோடைக்குக் கோடை ஏசிக்குக் கேஸ் ஏற்றுகிறேன். மெக்கானிக் நல்ல மனிதர்தான். "ஓட ஓட கேஸ் குறையத்தான் செய்யும்" என்கிறார். அப்படியா?

பதில்: இல்லவே இல்லை. கேஸ் எரிந்து தீருகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கசிவு இல்லையென்றால் பத்து வருடமானாலும் அளவு மாறாது. குறைகிறது என்றால் எங்கோ லீக். அதைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவர் அடுத்த வருடமும் வரப்போகிறார், உங்கள் செலவில். இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் இதே கடிதம் வருகிறது. ஆற்றாமையாக இருக்கிறது.

முறையாகச் செய்கிறவர் மிச்சக் கேஸைக் காற்றில் விடாமல் தனி சிலிண்டரில் பிடிப்பார். பிறகு நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார். குழாய் சேரும் நட்டுகளில் சோப்பு நுரை தடவுவார். கசிகிற இடத்தில் குமிழ் கிளம்பும். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெரும்பாலும் அங்கேதான். லீக்கை அடைத்த பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். எத்தனை கிராம் கேஸ் என்பது வெளி யூனிட் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடைக்கு ஏற்ற வேண்டும். குழாய் நீளம் என்றால் கொஞ்சம் கூடும். வேகம் கூடிக் குறையும் இன்வெர்ட்டர் ஏசியில் அழுத்தம் காட்டும் கேஜை மட்டும் பார்த்து "போதும்" என்பது வேலையே இல்லை.

ஸ்டிக்கரில் கேஸ் வகை ஆர்32 என்றிருந்தால் ஆர்32தான் ஏற்ற வேண்டும். அது தீப்பிடிக்கக்கூடிய வகை என்பதால், குழாயில் கேஸ் இருக்கும்போது நெருப்பு வைத்துக் குழாயை ஒட்ட யாரையும் விடாதீர்கள்.

தராசும் வேக்கம் பம்பும் இல்லாமல் கேஸ் ஏற்ற வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். லீக் எங்கே இருந்தது, என்ன கேஸ், எத்தனை கிராம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: முழுப் பணத்தையும் முன்பே கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பாகம் வாங்கப் பாதி கொடுங்கள், ரசீதோடு. மீதியை ஏசி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கொடுங்கள். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் சுமார் 10 டிகிரி வித்தியாசம் இருக்கிறதா என்று தெர்மாமீட்டரால் அவரையே காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வந்த ஐந்தாவது நிமிடமே "கம்ப்ரசர் போச்சு" என்றார். நம்பலாமா?

பதில்: கம்ப்ரசர் என்பது கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார். அது ஸ்டார்ட் ஆக உதவும் சின்னப் பாகமான கெபாசிட்டரை அளந்தாரா? சாதாரண ஏசியில் கெபாசிட்டர் போனாலும் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகாமல் உறுமும். கெபாசிட்டரின் விலை கம்ப்ரசர் விலையில் சின்னப் பங்குதான். மல்டிமீட்டரில் கம்ப்ரசரின் வைண்டிங்கையும், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளையும், பார்க்க வேண்டும். பெரிய தொகை என்றால் இன்னொருவரையும் கேளுங்கள். கம்ப்ரசருக்குப் பெரும்பாலும் தனி வாரண்டி உண்டு, கார்டை எடுத்துப் பாருங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கேஸ் ஹீட்டரில் நீலமாக எரிந்த தீ இப்போது மஞ்சளாக எரிகிறது. குளிர்காலம் முடிந்து சர்வீஸ் செய்யலாமா?

பதில்: இன்றே நிறுத்துங்கள். எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தலைவலியோ மயக்கமோ இருந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள். அந்த வாயுவை அளக்கும் மீட்டர் வைத்திருப்பவரை மட்டும் கூப்பிடுங்கள்.

கேள்வி: வருட ஒப்பந்தம் போடலாமா?

பதில்: கேஸ், காயில் (குழாய்ச் சுருள்), பிசிபி (மின்சுற்றுப் பலகை) மூன்றும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிய பிறகு போடுங்கள்.